நூல்களின் வழியே பெலருஸ்: ஒரு மொழியின் ஐந்நூறு ஆண்டு வரலாறு

பெலருஸ் கிழக்கு ஐரோப்பாவில் உள்ள ஒரு நாடு. கிழக்கே உருசியா, தெற்கே உக்ரைன், மேற்கே போலந்து, வடமேற்கே லித்துவேனியாவும் லாத்வியாவும் அதன் எல்லைகள். கடற்கரை இல்லாத நாடு. காடுகளும் ஏரிகளும் சதுப்பு நிலங்களும் நிறைந்தது. தலைநகர் மின்ஸ்க். 1991 ஆகஸ்ட் 25 அன்று இந்நாடு விடுதலை பெற்றதாக அறிவிக்கப்பட்டது. பெலருஸ் என்ற பெயரில் ஒரு தனி நாடு உலக வரைபடத்தில் நிலைபெற்றது அப்போதுதான்.

ஒரு நாட்டின் வரலாற்றைப் படிக்கும் மாணவர்கள் பெரும்பாலும் அரசர்களின் வரிசையையும் போர்களின் ஆண்டுகளையும் கொண்டு தொடங்குவர். பெலருஸ் நாட்டுக்கு அந்த முறை பொருந்தி வருவதில்லை. இந்நிலத்தை ஆண்ட அரசுகளின் பெயர்கள் வேறு. அவற்றின் தலைநகரங்கள் வில்னியஸ், வார்சா, புனித பீட்டர்ஸ்பர்க், மாஸ்கோ என்று வேறு வேறு இடங்களில் இருந்தன. இங்கு வாழ்ந்த மக்கள் தனி இனமா, அவர்கள் பேசுவது தனி மொழியா என்ற கேள்வியே நெடுங்காலம் எழுப்பப்பட்டு வந்தது. அக்கேள்விக்கு விடையாக அவர்களிடம் இருந்தவை நூல்கள். ஆகவே 1517-இல் அச்சான ஒரு நூலில் தொடங்கி, நம் காலத்துப் புதினங்கள் வரை, சில முக்கியமான நூல்களைக் கொண்டு இந்நாட்டின் வரலாற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

பெயர் குழப்பம்

பெலருஸ் என்ற பெயருக்கு 'வெள்ளை ருஸ்' என்பது பொருள். 'ருஸ்' என்பது கீழைச் சிலாவிய மக்கள் வாழ்ந்த நிலப்பகுதியின் பழைய பெயர். அதை இன்றைய உருசியாவோடு ஒன்றாகக் கருதக்கூடாது.

13-ஆம் நூற்றாண்டு முதல் 18-ஆம் நூற்றாண்டின் இறுதி வரை இன்றைய பெலருஸ் நிலப்பகுதி லித்துவேனிய மகா டச்சி என்ற பெரிய அரசின் பகுதியாக இருந்தது. அவ்வரசில் லித்துவேனியர், இன்றைய பெலருசியர், உக்ரைனியர் ஆகியோரின் முன்னோர், யூதர், தத்தாரியர் எனப் பல மக்கள் வாழ்ந்தனர். 1569-இல் லூப்ளின் ஒப்பந்தத்தின்படி இவ்வரசு போலந்துடன் இணைந்து ஒரு கூட்டரசானது. 1772, 1793, 1795 ஆகிய ஆண்டுகளில் அக்கூட்டரசு மூன்று முறை பங்கிடப்பட்டபோது பெலருஸ் நிலம் உருசியப் பேரரசின் கைக்குச் சென்றது.

இதனால் பழைய ஆவணங்களைப் படிப்போர் ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும். அவற்றில் 'லித்துவேனியா' என்று வருமிடம் இன்றைய பெலருஸாகவும் இருக்கலாம். எடுத்துக்காட்டாக, போலந்தின் பெருங்கவிஞர் எனப் போற்றப்படும் ஆடம் மிக்கியெவிச் 1798-இல் நவக்ருதக் என்ற நகரத்தின் அருகில் பிறந்தார். அந்நகரம் இன்று பெலருஸ் நாட்டில் உள்ளது. அவர் எழுதியது போலிய மொழியில். தம் தாயகம் என்று அவர் குறிப்பிட்டது லித்துவேனியாவை. இன்று மூன்று நாடுகள் அவரைத் தம்மவர் என்று கொண்டாடுகின்றன.

ஸ்கரினாவின் விவிலியம்

பிரான்சிஸ்க் ஸ்கரினா வடக்கு பெலருஸில் உள்ள போலட்ஸ்க் நகரத்தில் ஒரு வணிகர் குடும்பத்தில் பிறந்தார். கிராக்கோவ் பல்கலைக்கழகத்தில் பயின்று 1506-இல் பட்டம் பெற்றார். 1512-இல் இத்தாலியின் பதுவா நகரில் மருத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்றார். இவ்வளவு படித்த மருத்துவர் பிறகு பிராகா நகருக்குச் சென்று அச்சுத் தொழிலில் இறங்கினார்.

1517 ஆகஸ்ட் 6 அன்று அவர் அச்சிட்ட சங்கீத நூல் வெளிவந்தது. பெலருசிய அச்சு வரலாறு அந்த நாளிலிருந்து கணக்கிடப்படுகிறது. 1519-க்குள் விவிலியத்தின் பழைய ஏற்பாட்டு நூல்கள் பலவற்றைத் தனித்தனியாக அச்சிட்டார். பின்னர் வில்னியஸ் நகருக்கு வந்து, 1522-ஆம் ஆண்டளவில் 'சிறு பயண நூல்' என்ற வழிபாட்டுத் தொகுப்பையும், 1525-இல் 'அப்போஸ்தலர்' நூலையும் வெளியிட்டார்.

அவர் கையாண்ட மொழி திருச்சபை சிலாவிய மொழி. ஆனால் அதில் மக்கள் பேசிய சொற்களை மிகுதியாகக் கலந்தார். எளிய மக்களும் படித்துப் பயன்பெற வேண்டும் என்பதைத் தம் முன்னுரைகளில் வலியுறுத்தினார். ஒவ்வொரு நூலுக்கும் முன்னுரை எழுதி, அந்நூல் எதைப் பற்றியது, எப்படிப் படிக்க வேண்டும் என்று விளக்கியதில் ஓர் ஆசிரியரின் போக்கைக் காணலாம். யூதித்து நூலின் முன்னுரையில், விலங்குகளும் பறவைகளும் தம் இருப்பிடத்தை அறிந்து பற்றுக்கொள்வதுபோல மனிதரும் பிறந்த மண்ணிடம் பற்றுக்கொள்கின்றனர் என்ற கருத்தை அவர் எழுதியுள்ளார். அக்காலத்தில் விவிலியத்தில் அச்சிட்டவரின் உருவப்படம் இடம்பெறுவது வழக்கமில்லை. ஸ்கரினா தம் உருவத்தை மரச்செதுக்குப் படமாக அதில் சேர்த்தார்.

மின்ஸ்க் நகரில் 2006-இல் திறக்கப்பட்ட தேசிய நூலகக் கட்டடத்தின் முன்பு ஸ்கரினாவின் சிலை உள்ளது. 2017-இல் பெலருசிய அச்சுக்கலையின் 500-ஆம் ஆண்டு நாடு முழுவதும் கொண்டாடப்பட்டது.

சட்டம் எழுதப்பட்ட மொழி

லித்துவேனிய மகா டச்சியின் சட்டத்தொகுப்பு மூன்று முறை இயற்றப்பட்டது: 1529, 1566, 1588. இம்மூன்றும் ருத்தேனிய மொழி என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடும் மொழியில் எழுதப்பட்டவை. பெலருசிய அறிஞர்கள் அதைப் பழம்பெலருசியம் என்பர். உக்ரைனிய அறிஞர்கள் பழைய உக்ரைனியம் என்றும் உரிமை கோருவர். இரண்டு மொழிகளுக்கும் அது பொதுவான முன்னோடி என்று கொள்வது பொருத்தம்.

முதல் இரண்டு தொகுப்புகள் கையெழுத்துப் படிகளாகவே வழங்கின. மூன்றாவது தொகுப்பு 1588-இல் வில்னியஸ் நகரில் மமோனிச் குடும்பத்தாரின் அச்சுக்கூடத்தில் அச்சாயிற்று. அதை வெளிக்கொணர்ந்தவர் லெவ் சபேகா என்ற அரசியல் அறிஞர். மற்ற மக்கள் தம் சட்டத்தை அறியாமலிருப்பதைவிட, தம் சொந்த மொழியிலேயே சட்டம் எழுதப்பெற்ற நாம் அதை அறியாமலிருப்பது கூடுதல் வெட்கம் என்ற கருத்தை அவர் முன்னுரையில் கூறினார். நீதிமன்ற எழுத்தர் ஆவணங்களை ருத்தேனிய எழுத்திலும் சொல்லிலுமே எழுத வேண்டும் என்று அத்தொகுப்பின் ஒரு பிரிவு கட்டளையிட்டது. நாடு உருசியப் பேரரசின் கீழ் வந்த பிறகும் இச்சட்டம் உடனே நீக்கப்படவில்லை. 1840 வரை சில பகுதிகளில் நடைமுறையில் இருந்தது.

இதே காலத்தைச் சேர்ந்த மற்றொரு சான்று தத்தாரியரின் 'கிதாபு'கள். மகா டச்சியில் குடியேறிய இசுலாமியத் தத்தாரியர் காலப்போக்கில் தம் மொழியை மறந்து, அக்கம்பக்கத்தாரின் மொழியைப் பேசத் தொடங்கினர். ஆனால் சமய நூல்களை அரபு எழுத்தில் எழுதும் வழக்கத்தை விடவில்லை. இதனால் அரபு எழுத்தில் எழுதப்பட்ட பெலருசிய மொழிக் கையெழுத்து நூல்கள் உருவாயின. அரபு எழுத்து உச்சரிப்பை நெருக்கமாகக் காட்டியதால், அக்காலப் பேச்சுமொழி எப்படி ஒலித்தது என்பதை அறிய மொழியியலார் இவற்றை நாடுகின்றனர்.

உழவர் வீட்டுக்குள் ஒதுங்கிய மொழி

1696-இல் மகா டச்சியின் அரசு ஆவணங்களில் ருத்தேனிய மொழிக்குப் பதிலாகப் போலிய மொழி கட்டாயமாயிற்று. உயர்குடியினர் ஏற்கெனவே போலிய மொழிக்கு மாறிவிட்டிருந்தனர். உருசிய ஆட்சியில் உருசிய மொழி அரசு மொழியானது. ஒருகாலத்தில் சட்டம் எழுதிய மொழி உழவர் வீட்டிலும் வயலிலும் மட்டும் வழங்கலாயிற்று. போலியர் அதைப் போலிய மொழியின் கிளை என்றனர். உருசியர் உருசிய மொழியின் கிளை என்றனர்.

1859-இல் வின்சென்ட் டுனின்-மார்ட்சின்கேவிச் என்ற எழுத்தாளர், மிக்கியெவிச் எழுதிய 'பான் ததேயுஷ்' காவியத்தின் முதல் இரண்டு பகுதிகளைப் பெலருசிய மொழியில் பெயர்த்து லத்தீன் எழுத்தில் அச்சிட்டார். அப்படிகளைத் தணிக்கை அதிகாரிகள் பறிமுதல் செய்தனர். உழவர் மொழியில் ஒரு காவியத்தைச் சொல்ல முடியும் என்று காட்டிய முயற்சி வாசகர் கைக்குச் செல்லாமல் நின்றது.

1862-இல் காஸ்துஸ் கலினோவ்ஸ்கியும் அவருடைய நண்பர்களும் 'உழவர் உண்மை' என்ற சிற்றிதழைப் பெலருசிய மொழியில் மறைமுகமாக வெளியிட்டனர். ஏழு இதழ்களே வந்தன. 1863-இல் உருசிய ஆட்சிக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியில் கலினோவ்ஸ்கி முன்னின்றார்; 1864 மார்ச்சில் வில்னியஸ் நகரில் பொது இடத்தில் தூக்கிலிடப்பட்டார்.

அதே கிளர்ச்சியில் பங்கேற்றுக் காயமடைந்தவர் பிரான்சிஷக் பகுஷெவிச். பின்னாளில் வழக்கறிஞரான இவர், 1891-இல் 'பெலருசியக் குழல்' என்ற கவிதைத் தொகுப்பைப் புனைபெயரில் வெளியிட்டார். உருசியப் பேரரசுக்குள் அதை அச்சிட வழியில்லாததால் அப்போது ஆஸ்திரிய ஆட்சியிலிருந்த கிராக்கோவ் நகரில் அச்சிட்டார். அதன் முன்னுரை பெலருசிய வரலாற்றில் தனி இடம் பெற்றது. முன்னுரையின் சாரம் இது: இருநூறு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு பெரிய பிரபுக்கள் எழுதிய பழைய தாள்களைப் படித்தேன், அவை நம் மொழியிலேயே எழுதப்பட்டிருந்தன, ஆகவே நம் மொழி தாழ்ந்ததன்று, மொழியை முதலில் இழந்த மக்கள் பிறகு மக்களாகவே இல்லாமற் போயினர், அதைக் கைவிட வேண்டாம். சபேகா காலத்து ஆவணங்கள் அரசாட்சியில் பயனற்றுப் போனபின், உழவனுக்குத் தன்மதிப்பைத் தரும் சான்றாக இவ்வாறு மீண்டும் பயன்பட்டன.

'நாஷா நிவா' இதழும் அதன் கவிஞர்களும்

1897-இல் நடந்த உருசியப் பேரரசின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 58 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பெலருசிய மொழியைத் தாய்மொழியாகக் குறிப்பிட்டனர். ஆனால் அவர்களுக்கு ஒரு பள்ளியோ செய்தித்தாளோ இல்லை. 1905-ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பிறகு தடைகள் சற்றுத் தளர்ந்தன. 1906 நவம்பரில் வில்னியஸ் நகரில் 'நாஷா நிவா' என்ற வார இதழ் தொடங்கியது. 'எங்கள் வயல்' என்பது அதன் பொருள்.

கத்தோலிக்கர் லத்தீன் எழுத்தையும் மரபுவழித் திருச்சபையினர் சிரில்லிய எழுத்தையும் படித்துப் பழகியவர்கள். எனவே அவ்விதழ் தொடக்க ஆண்டுகளில் இரண்டு எழுத்துகளிலும் அச்சிடப்பட்டது. ஊர்ப்புறங்களிலிருந்து வந்த கடிதங்கள், வேளாண் குறிப்புகள், கதைகள், கவிதைகள் ஆகியன அதில் இடம்பெற்றன. 1915-இல் முதல் உலகப்போரின் முனை நெருங்கியபோது இதழ் நின்றது. இந்த ஒன்பது ஆண்டுகளில்தான் நவீன பெலருசிய இலக்கியம் உருவாயிற்று.

அவ்விதழால் அறியப்பட்ட இரு பெருங்கவிஞர்கள் யான்கா குபாலா, யாகூப் கோலஸ் ஆகியோர். இருவரும் 1882-இல் பிறந்தவர்கள். இரண்டும் புனைபெயர்களே. கோடைக்கால நாட்டுப்புறத் திருவிழாவான குபாலா நாளில் பிறந்ததால் முன்னவர் அப்பெயரைக் கொண்டார். 'கோலஸ்' என்றால் தானியக் கதிர்.

கோலஸ் சிற்றூர்ப் பள்ளி ஆசிரியர். 1906-இல் நடந்த தடைசெய்யப்பட்ட ஆசிரியர் கூட்டத்தில் கலந்துகொண்ட குற்றத்துக்காக 1908 முதல் 1911 வரை மின்ஸ்க் சிறையில் இருந்தார். அங்குத் தொடங்கிய 'புதிய நிலம்' என்ற நெடுங்கவிதையை 1923-இல் முடித்தார். ஒரு பிரபுவின் காட்டில் காவலராகப் பணிபுரியும் மிகால் தமக்கென்று ஒரு துண்டு நிலம் வாங்கக் கனவு காண்கிறார். அது நிறைவேறும் முன்பே இறந்துவிடுகிறார். கதை இவ்வளவே. ஆனால் சமையல், உழவு, மீன்பிடிப்பு, தேன் எடுப்பு, திருநாள், சாவு எனப் பெலருசிய உழவர் வாழ்வின் ஒவ்வொரு கூறும் அதில் பதிவாகியுள்ளதால், அது அவ்வாழ்வின் கலைக்களஞ்சியம் என்று போற்றப்படுகிறது.

மூன்றாமவர் மக்சிம் பக்தானோவிச். இவர் மின்ஸ்கில் பிறந்தாலும், சிறுவயதிலேயே குடும்பம் உருசிய நகரங்களுக்குக் குடிபெயர்ந்தது. பெலருசிய மொழியைப் பெரும்பாலும் நூல்களிலிருந்தும் இதழ்களிலிருந்துமே கற்றுக்கொண்டார். அப்படிக் கற்ற மொழியில் ஐரோப்பியக் கவிதை வடிவங்களை எழுதிக் காட்டினார். வாழ்நாளில் அவர் வெளியிட்ட ஒரே கவிதை நூல் 'மாலை'. 1913-இல் வில்னியஸில் அச்சானது. 1917 மே மாதம், 25 வயதில், காசநோயால் யால்டா நகரில் காலமானார். இறுதி நாள்களிலும் குழந்தைகளுக்கான ஓர் அரிச்சுவடியைத் தொகுக்கும் பணியில் ஈடுபட்டிருந்தார்.

பள்ளிக்கூடமும் பாடநூலும்

இலக்கியம் மட்டும் ஒரு மொழியைக் காப்பாற்றிவிடாது; அம்மொழியில் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் வேண்டும். இதை உணர்ந்து செயல்பட்டவர் அலாய்சா பாஷ்கேவிச். 'சியோத்கா', அதாவது 'அத்தை' என்ற பொருள்தரும் புனைபெயரால் அறியப்பட்ட கவிஞர். 1906-இல் பெலருசியக் குழந்தைகளுக்கான முதல் வாசிப்பு நூலை வெளியிட்டார். 1914-இல் 'லுச்சின்கா' என்ற சிறுவர் இதழை நடத்தினார். போர்க்காலத்தில் வில்னியஸில் பெலருசியப் பள்ளிகளைத் தொடங்க உழைத்தார். 1916-இல் டைபஸ் காய்ச்சல் கண்ட ஊர்மக்களுக்குப் பணிவிடை செய்து, அதே நோய்க்கு இரையானார்.

1918-இல் பிரானிஸ்லாவ் தராஷ்கேவிச் பள்ளிகளுக்கான பெலருசிய இலக்கண நூலை எழுதினார். ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றியபடி எழுதிவந்த மொழிக்கு அது ஒரு சீரான எழுத்துமுறையைத் தந்தது. பின்னர் போலந்து ஆட்சியில் சிறைப்பட்டபோது, டுனின்-மார்ட்சின்கேவிச்சின் நூல் பறிமுதலானதால் வாசகரைச் சேராமற் போன அதே 'பான் ததேயுஷ்' காவியத்தை இவர் முழுமையாக மொழிபெயர்த்தார். 1933-இல் சோவியத் ஒன்றியத்துக்கு வந்தவர் 1938 நவம்பர் 29 அன்று சுட்டுக்கொல்லப்பட்டார். மொழிபெயர்ப்பு பல ஆண்டுகளுக்குப் பிறகே அச்சேறியது. அவர் சோவியத் மண்ணுக்கு வந்த 1933-ஆம் ஆண்டிலேயே சோவியத் அரசு எழுத்துமுறையை உருசிய மொழிக்கு நெருக்கமாகத் திருத்தியது. பழைய முறை 'தராஷ்கேவிட்சா' என்ற பெயரில் புலம்பெயர்ந்தோரிடையேயும் சில பதிப்பாளரிடையேயும் இன்றும் வழங்குகிறது.

'இவ்வூர்க்காரர்கள்'

1918 மார்ச் 25 அன்று மின்ஸ்கில் பெலருசிய மக்கள் குடியரசின் விடுதலை அறிவிக்கப்பட்டது. ஜெர்மானியப் படையின் பிடியில் நகரம் இருந்த காலம் அது. ஆண்டு முடிவதற்குள் அக்குடியரசின் தலைவர்கள் வெளியேற நேர்ந்தது. 1919 சனவரி 1 அன்று சோவியத் பெலருஸ் அறிவிக்கப்பட்டது. பிறகு போலந்துப் படை, மீண்டும் சோவியத் படை என்று மின்ஸ்க் கைமாறியது. 1921-இல் ரீகா ஒப்பந்தப்படி நாடு போலந்துக்கும் சோவியத்துக்கும் இடையே பிரிக்கப்பட்டது.

இக்காலத்தை நகைச்சுவையும் துயரமும் கலந்து காட்டுவது குபாலா 1922-இல் எழுதிய 'இவ்வூர்க்காரர்கள்' என்ற நாடகம். உன் இனம் என்ன என்று கேட்டால் ஊர்மக்கள் பலர் "நாங்கள் இவ்வூர்க்காரர்கள்" என்று மட்டும் விடையளிப்பது அக்கால வழக்கம். நாடகத்தின் மையப் பாத்திரமான மிகிதா ஸ்னோசக் ஒவ்வோர் ஆட்சிக்கும் ஏற்பத் தன் மொழியையும் நடையையும் மாற்றிக்கொள்கிறான். கிழக்கத்திய அறிஞர் ஒருவரும் மேற்கத்திய அறிஞர் ஒருவரும் ஊர்மக்களைப் பார்த்து, ஒருவர் உருசியர் என்றும் மற்றவர் போலியர் என்றும் குறிப்பெடுத்துக்கொள்கின்றனர். நான் பெலருசியன் என்று தெளிவாகச் சொல்லும் பாத்திரம் யான்கா ஸ்டோல்னிக் என்ற ஆசிரியர். 1926-இல் மேடையேறிய இந்நாடகம் விரைவில் தடைசெய்யப்பட்டது.

1937

1920-களில் சோவியத் பெலருஸில் பெலருசியம், உருசியம், இத்திஷ், போலியம் ஆகிய நான்கும் அரசு மொழிகளாக இருந்தன. பெலருசிய மொழியில் பள்ளிகள், ஆய்வு நிறுவனங்கள், இதழ்கள் பெருகின. ஸ்கரினாவுக்குப் பின் எழுத்துலகில் இவ்வளவு ஊக்கம் நிறைந்த காலம் இருந்ததில்லை எனலாம். 1930-களில் நிலைமை தலைகீழானது. மொழிப்பற்று 'தேசியவாதக் குற்றம்' ஆயிற்று.

1937 அக்டோபர் 29 இரவு, மின்ஸ்க் நகரின் சிறையில் 100-க்கும் மேற்பட்ட அறிவாளர்கள் சுட்டுக்கொல்லப்பட்டனர். அவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் எழுத்தாளர்கள். அலெஸ் டூடர், வலேரி மராக்கவ் போன்ற இளம் கவிஞர்களும், இத்திஷ் மொழியில் எழுதிய மொய்ஷே குல்பக், இசி காரிக் ஆகியோரும் அவ்விரவில் உயிரிழந்தனர். மின்ஸ்க் நகரின் ஒரு யூதக் குடும்பத்தின் நான்கு தலைமுறைகளை நகைச்சுவையுடன் காட்டும் குல்பக்கின் 'செல்மென்யானர்' புதினம், போருக்கு முந்தைய அந்நகரத்தை அறிய இன்றும் உதவுகிறது. பெலருசிய இலக்கியத்தின் முதல் வரலாற்று நூலை 1920-இல் எழுதிய மக்சிம் கரேட்ஸ்கி 1938 பிப்ரவரியில் சுட்டுக்கொல்லப்பட்டார். இலக்கணம் எழுதியவர், இலக்கிய வரலாறு எழுதியவர், கவிதை எழுதியவர்கள் எனப் பலர் சில மாதங்களுக்குள் மறைந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் குற்றமற்றவர்கள் என்று 1950-களில் அரசே அறிவித்தது.

போரும் சாட்சியமும்

1941 சூன் 22 அன்று ஜெர்மனி சோவியத் ஒன்றியத்தின் மீது படையெடுத்தது. 1944 வரை பெலருஸ் ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் இருந்தது. மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் உயிரிழந்தனர். யூதச் சமூகம் பெரும்பாலும் அழிக்கப்பட்டது. நூற்றுக்கணக்கான ஊர்கள் மக்களோடு சேர்த்து எரிக்கப்பட்டன. 1943 மார்ச் 22 அன்று காத்தின் என்ற சிற்றூரில் 149 பேர் கொல்லப்பட்டனர். அவர்களில் 75 பேர் குழந்தைகள். இவ்வூரைப் போலந்து அதிகாரிகள் கொல்லப்பட்ட, உருசியாவில் உள்ள கத்தீன் என்ற இடத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

1970-களின் தொடக்கத்தில் அலெஸ் அதமோவிச், யான்கா பிரில், உலாட்சிமிர் கலெஸ்னிக் ஆகிய மூன்று எழுத்தாளர்கள் ஒலிப்பதிவுக் கருவியுடன் ஊர் ஊராகச் சென்றனர். எரிக்கப்பட்ட ஊர்களில் தப்பிப் பிழைத்த 300-க்கும் மேற்பட்டோரின் சொற்களைப் பதிவு செய்தனர். 1975-இல் வெளிவந்த 'நான் நெருப்புக் கிராமத்திலிருந்து வருகிறேன்' என்ற நூல் அப்பதிவுகளால் ஆனது. பேசியவர்களின் ஊர்ப் பேச்சுநடையையே நூலாசிரியர்கள் பெரிதும் காத்தனர். உழவர் மொழி என்று ஒதுக்கப்பட்ட மொழி அந்நூலில் வரலாற்றின் சாட்சியாக நிற்கிறது. அதமோவிச் திரைக்கதையில் பங்குகொண்டு 1985-இல் வெளிவந்த 'வந்து பார்' என்ற திரைப்படம் உலகப்புகழ் பெற்றது.

போரை எழுதியவர்களில் முதன்மையானவர் வாசில் பீக்கவ் (1924–2003). போர்முனையில் இருந்த இவர் இறந்துவிட்டதாகக் குடும்பத்துக்கு அறிவிப்பு அனுப்பப்பட்டது; படுகாயத்துடன் உயிர்பிழைத்திருந்தார். அவருடைய குறும்புதினங்களில் பெரிய படையெடுப்புகள் இல்லை. ஒரு சிலர் ஒரு கடினமான முடிவை எடுக்க வேண்டிய சில மணி நேரங்களே உண்டு. 'சோத்னிகவ்' கதையில் உணவு தேடிச் சென்ற இரண்டு கொரில்லா வீரர்கள் பிடிபடுகின்றனர். நோயுற்றவன் உறுதியுடன் தூக்குமேடை ஏறுகிறான்; உடல்வலிமை உள்ளவன் உயிருக்காக எதிரியிடம் சேர்ந்துவிடுகிறான்.

மாணவர்களும் ஆசிரியர்களும் படிக்க வேண்டியது அவருடைய 'நினைவுத்தூண்'. அலெஸ் மரோஸ் என்ற ஊர்ப்பள்ளி ஆசிரியரின் மாணவர்கள் ஐவர் ஜெர்மானியரிடம் பிடிபடுகின்றனர். ஆசிரியர் சரணடைந்தால் பிள்ளைகளை விடுவோம் என்று எதிரிகள் சொல்கின்றனர். அது பொய் என்று மரோஸுக்குத் தெரியும். ஆயினும் பிள்ளைகளோடு இருப்பதற்காகச் செல்கிறார்; ஒரு மாணவன் தப்ப வழிசெய்து, மற்றவர்களோடு தூக்கிலிடப்படுகிறார். போருக்குப் பின், அவர் தாமே சென்று சரணடைந்தவர் என்பதால் நினைவுத்தூணில் அவர் பெயர் சேர்க்கப்படவில்லை. தப்பிய மாணவன் தானும் ஆசிரியராகி, அப்பெயரைப் பொறிப்பதற்காகப் பல ஆண்டுகள் போராடுகிறான். ஒருவரின் தொண்டை எதைக்கொண்டு அளப்பது, கொன்ற எதிரிகளின் எண்ணிக்கையாலா என்ற கேள்வியைக் கதை விடாமல் எழுப்புகிறது.

இதே தலைமுறையினரான உலாட்சிமிர் கராத்கேவிச் (1930–1984) வரலாற்றுப் புதினத்தைத் தேர்ந்தெடுத்தார். 'உன் அரிவாளின் கீழ் கதிர்கள்' என்ற புதினம் 1863 கிளர்ச்சிக்கு முந்தைய தலைமுறையைச் சித்திரிக்கிறது. 'ஸ்டாக் மன்னனின் காட்டு வேட்டை' மர்மக்கதை வடிவில் அமைந்தது. பாடநூல் சொல்லாத வரலாற்றைப் பெலருசிய இளைஞர்கள் இவருடைய கதைகள் வழியே அறிந்தனர்.

அலெக்சியேவிச்சும் செர்னோபிலும்

ஸ்வெட்லானா அலெக்சியேவிச் 1948-இல் உக்ரைனில் பிறந்து பெலருஸில் வளர்ந்தவர். பெற்றோர் இருவரும் ஆசிரியர்கள். அதமோவிச்சைத் தம் ஆசான் என்று அவர் குறிப்பிடுகிறார். மக்களின் குரல்களைத் தொகுத்து நூலாக்கும் முறையை, நெருப்புக் கிராமங்களின் நூலிலிருந்து கற்றார். 'போருக்குப் பெண்முகம் இல்லை' (1985) போரில் பங்கேற்ற பெண்களின் நினைவுகளைத் தொகுத்தது. ஆப்கானிஸ்தான் போர் பற்றிய 'துத்தநாகச் சிறுவர்கள்' நூலுக்காக அவர் மீது மின்ஸ்கில் வழக்குத் தொடரப்பட்டது.

1986 ஏப்ரல் 26 அன்று உக்ரைனின் செர்னோபில் அணுமின் நிலையத்தில் வெடிப்பு நேர்ந்தது. காற்றின் திசையால் கதிரியக்கத் துகள்களில் பெரும்பங்கு அருகிலிருந்த பெலருஸில் விழுந்தது. நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 23 விழுக்காடு மாசடைந்தது. அம்மக்களின் வாய்மொழிகளைக் கொண்டு 1997-இல் அவர் வெளியிட்ட நூல் 'செர்னோபில் பிரார்த்தனை'. 2015-இல் அவருக்கு இலக்கியத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. அவர் எழுதுவது உருசிய மொழியில். ஆகவே அவருடைய நூல்கள் பெலருசிய இலக்கியமா என்ற விவாதம் அந்நாட்டில் உண்டு. மொழியை அளவுகோலாகக் கொள்வோர் ஒருபுறம், மக்களின் அனுபவத்தை அளவுகோலாகக் கொள்வோர் மறுபுறம். போலிய மொழியில் எழுதிய மிக்கியெவிச் பற்றிய பழைய விவாதத்தின் தொடர்ச்சியாகவே இதைக் காணலாம்.

இன்றைய நிலை

1990-இல் இயற்றப்பட்ட சட்டம் பெலருசிய மொழியை ஒரே அரசு மொழியாக்கியது. 1995-இல் நடந்த பொதுவாக்கெடுப்புக்குப் பின் உருசிய மொழிக்கும் சமநிலை தரப்பட்டது. நடைமுறையில் நகரங்களிலும் அலுவலகங்களிலும் உயர்கல்வியிலும் உருசிய மொழியே மேலோங்கியது. 2009 கணக்கெடுப்பில் மக்களில் ஏறத்தாழ 53 விழுக்காட்டினர் பெலருசியத்தைத் தாய்மொழி என்றனர். வீட்டில் அதைப் பேசுவதாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 23 விழுக்காட்டினர். இவ்விரு எண்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு கருதத்தக்கது. பேசாதவர்களிலும் பலர் அதைத் தம் மொழி என்று எண்ணுகின்றனர்.

இக்கால எழுத்தாளர்களுக்கு இதுவே கருப்பொருளாகிறது. விக்தர் மார்த்சினோவிச் 2014-இல் வெளியிட்ட 'மொழி' என்ற புதினத்தில், எதிர்கால உலகில் தடைசெய்யப்பட்ட பெலருசிய மொழியின் வரிகள் தாள்துண்டுகளாகப் போதைப்பொருள்போல் கடத்தப்படுகின்றன. அல்கெர்த் பகரேவிச் எழுதிய 'ஐரோப்பாவின் நாய்கள்' (2017) புதினமும் உருசிய ஆதிக்கத்தில் மொழிகள் மறையும் ஓர் எதிர்காலத்தைக் காட்டுகிறது. 2022-இல் அந்நாட்டில் அந்நூல் தீவிரவாத நூல் என்று அறிவிக்கப்பட்டது. 2020 தேர்தலை அடுத்த போராட்டங்களுக்குப் பின் எழுத்தாளர்கள் பலர் நாட்டை விட்டு வெளியேறினர். அலெக்சியேவிச்சும் அவர்களில் ஒருவர். 2021-இல் பெலருசிய எழுத்தாளர் சங்கம் நீதிமன்ற ஆணையால் கலைக்கப்பட்டது. 2022-இல் அமைதிக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மனித உரிமைச் செயற்பாட்டாளர் அலெஸ் பியாலியாட்ஸ்கி ஓர் இலக்கிய ஆய்வாளர். மின்ஸ்கில் பக்தானோவிச் நினைவு அருங்காட்சியகத்தின் இயக்குநராகப் பணியாற்றியவர்.

படிக்கத் தொடங்குவோருக்கு

இவ்விலக்கியத்துக்குப் புதியவர்கள் பீக்கவின் 'நினைவுத்தூண்', 'சோத்னிகவ்' ஆகிய குறும்புதினங்களிலிருந்து தொடங்கலாம். இரண்டும் அளவில் சிறியவை. பெலருஸ் பற்றிய முன்னறிவு இல்லாமலே புரியும். அடுத்து அலெக்சியேவிச்சின் செர்னோபில் நூல் ஏற்றது. இவை ஆங்கில மொழிபெயர்ப்பில் கிடைக்கின்றன. அதன்பின் கராத்கேவிச்சின் மர்மக்கதை வழியே 19-ஆம் நூற்றாண்டுக்குச் செல்லலாம். குபாலாவின் நாடகத்தைப் படிக்கும் முன்பு 1918 முதல் 1921 வரை மின்ஸ்க் யார் யார் கைக்கு மாறியது என்பதை ஒரு தாளில் குறித்துக்கொள்வது நல்லது.

படிக்கும்போது ஒவ்வொரு நூலுக்கும் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். நூல் எந்த மொழியில், எந்த எழுத்தில் எழுதப்பட்டது? எந்த நகரத்தில் அச்சானது? அச்சான பின் அதற்கு என்ன நேர்ந்தது? பிராகா, வில்னியஸ், கிராக்கோவ், மின்ஸ்க் என்று விடைகள் இடம் மாறும். வெளியீடு, பறிமுதல், தடை, மறுபதிப்பு என்று நிகழ்வுகள் மாறும். அவ்விடைகளை ஆண்டு வரிசையில் எழுதிப் பார்த்தால், 1517 முதல் இன்று வரையிலான பெலருஸ் வரலாற்றின் பெரும்பகுதி அந்த ஒரே பட்டியலில் அடங்கிவிடும்.